யாரும் நடாத மரங்கள்

பலாமரம் ஒன்றின் உச்சிக் கிளையில் புல்லுருவி ஒன்று ஒட்டி வாழ்ந்தது. அது நாள்தோறும் கீழே குனிந்து, "உன் கால் சேற்றில் கிடக்கிறது. என் குலத்தில் எவருடைய காலும் மண்ணைத் தொட்டதில்லை" என்று மரத்திடம் சொல்லும். மரம் பதில் பேசாது. அதற்குக் காய்க்கிற வேலை இருந்தது. ஒருநாள் விறகுவெட்டி ஒருவன் வந்து அண்ணாந்து பார்த்து, "நீ யார்?" என்றான். "மண்ணோடு சம்பந்தம் இல்லாதவன்" என்றது புல்லுருவி. "அப்படியானால் உன்னை வெட்ட மண்ணுக்கு உடையவனிடம் உத்தரவு கேட்க வேண்டியதில்லை" என்று சொல்லி அவன் அரிவாளை எடுத்தான்.

கொல்லிமலையில், திண்ணனூர் நாட்டைச் சேர்ந்த மேல்வளவு என்னும் சிற்றூரில் இந்தக் கதை வழங்கியதில்லை. வழங்கியிருந்தாலும், அவ்வூரின் ஊர்க்கவுண்டர் சென்றாயன் அதைப் புல்லுருவியின் பெருமையைச் சொல்லும் கதையாகவே எடுத்துக்கொண்டிருப்பார்.

மேல்வளவில் இருந்தவை இருபது இருபத்தைந்து கூரை வீடுகள்; அவற்றைச் சுற்றிப் பலாமரங்கள்; அதற்கப்பால் சாமையும் ராகியும் விளையும் சரிவுகள். ஆனால் சென்றாயனின் கண்ணுக்கு அது உலகத்தின் தலைவாசல். ஆடித் திருவிழாவில் ஊரின் ஆதியை எடுத்துச் சொல்லும் உரிமை அவர் குடும்பத்துக்கு உரியது. சாமி வேட்டைக்கு வந்தது, களைத்தது, பலாப்பழம் தின்று கொட்டைகளைத் துப்பியது, துப்பிய இடமெல்லாம் மரமாயிற்று, அந்த நிழலைத் தேடி அண்ணன் தம்பிகள் ஏழு பேர் வந்து குடியேறினார்கள், அவர்களில் மூத்தவரின் வழியில் வந்தவர் சென்றாயன். இதைச் சொல்லும்போது அவர் குரல் கணீரென்று இருக்கும். ஊருக்குப் புதிதாக வந்த மருமகள் ஒருத்தி, "அப்ப சாமி தின்ன பழம் எந்த மரத்துல பழுத்துச்சுங்க?" என்று ஒருமுறை கேட்டுவிட்டாள். அவள் மாமனார் சேவல் ஒன்று தண்டம் கட்டினார். சேவலைச் சமைத்து ஊர் முழுவதும் பகிர்ந்து உண்டார்கள். கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. குழம்பு நன்றாக இருந்தது.

தண்டம் அந்தக் கேள்விக்கு மட்டும் அன்று. மேல்வளவில் எவரும், "இந்த மரத்தை நான் நட்டேன்" என்று சொல்லலாகாது. சொன்னால் சாமியின் வேலையைத் தன் வேலை என்று உரிமை கொண்டாடியதாகும். ஆகவே அங்கே மரம் நடுவது ஒரு களவைப்போல நடந்துவந்தது. சுளையைத் தின்றவன் கொட்டையை வாயில் அடக்கிக்கொண்டு, எங்கோ அவசரமாகப் போகிறவனைப்போலப் போவான். மண் ஈரமாக இருக்கும் இடத்தில் நிற்பான். வானத்தைப் பார்த்து, "மழை வருமோ" என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வான். அந்தக் கேள்வியின் மறைவிலேயே கொட்டையைத் துப்பி, கால் கட்டைவிரலால் மண்ணுக்குள் அமுக்கிவிடுவான். முளை தெரிந்ததும் அவனே முதல் ஆளாக ஓடிவந்து, "சாமி குடுத்துருக்குது" என்று ஊரைக் கூட்டுவான். பிறகு முள் வெட்டி வேலி கட்டுவான். சாமி கொடுத்ததை ஆடு தின்றுவிடக் கூடாதல்லவா?

இந்தக் கலையில் சென்றாயனுக்கு நிகர் எவரும் இல்லை. அவருடைய வலக்கால் கட்டைவிரல் நகம் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. அவர் வீட்டு முன்னால் நின்ற பலா, அவருக்குக் கல்யாணமான ஆண்டில் வந்தது. அன்று அவர் வானத்தைப் பார்த்து நின்றபோது, பின்னால் தண்ணீர்க் குடத்தோடு வந்துகொண்டிருந்த சென்னம்மாள் புதுப்பெண். கண்டும் காணாதவளாக நின்று, கணவன் நகர்ந்ததும் குடத்தைச் சற்றுச் சாய்த்து அந்த இடத்தை நனைத்துவிட்டுப் போனாள். அவரும் அதை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டார். அதைப்பற்றி இருவரும் ஒரு நாளும் பேசியதில்லை.

மேல்வளவுக்குக் கீழே பள்ளத்தில் இன்னொரு குடியிருப்பு இருந்தது. தாது வருஷப் பஞ்சத்தில் சமவெளியில் புல்லும் கருகிப்போனபோது, காளப்பநாயக்கன்பட்டிப் பக்கத்திலிருந்து நாலைந்து குடும்பங்கள் எலும்பும் தோலுமாக மலையேறி வந்தன. சென்றாயனின் தகப்பனார் சின்னராசு அப்போது ஊர்க்கவுண்டர். அவர் அந்தக் குடும்பங்களுக்குச் சாமைக் கஞ்சி ஊற்றி, பள்ளத்துக் கல்லாங்காட்டைக் காட்டி, பிழைத்துக்கொள்ளச் சொன்னார். கஞ்சிக்கு வந்தவர்களின் இடம் என்பதால் மேல்வளவார் அதற்குக் கஞ்சிவளவு என்று பெயர் வைத்தார்கள். வந்தவர்களோ அதற்குக் கோபப்படவில்லை. சந்தையில் எவராவது ஊர் கேட்டால், "கஞ்சிவளவுங்க" என்று முகம் மலரச் சொன்னார்கள். இகழ்ச்சியாக வைத்த பெயரை ஒருவன் சிரித்தபடி எடுத்து உடுத்திக்கொண்டால், வைத்தவனுக்கு அதில் என்ன சுகம் மிஞ்சும்? முப்பது ஆண்டுகளாகச் சென்றாயனுக்கு இது ஆறாத குறையாக இருந்தது.

இன்னொரு குறையும் உண்டு. கஞ்சிவளவில் மரத்தை நட்டவரின் பெயரையே மரத்துக்கும் வைத்தார்கள். குழி தோண்டி, சாணம் போட்டு, பத்துப் பேர் பார்க்க நட்டு, பெயரைச் சத்தமாகச் சொல்வார்கள். "ராசப்பன் இந்த வருஷம் காய்ப்புக் கொறச்சல்" என்பார்கள். "அத்தாயிமேல கரடி ஏறிப்போச்சு" என்று ஒருவன் சொல்ல, அத்தாயி என்ற பெண்ணே பக்கத்தில் நின்று, "எத்தன பழம் போச்சு?" என்று கேட்பாள். இதைக் கேட்டு மேல்வளவு விழுந்து விழுந்து சிரிக்கும். சென்றாயன் மட்டும் சிரிக்கமாட்டார். ஏனென்றால் அங்கிருந்த முதல் மரத்தின் பெயர் சின்னராசு. கஞ்சி ஊற்றிய கையால் நாலு பலாக்கொட்டையும் கொடுத்தவர் என்பதால் அவர்கள் அந்தப் பெயரை வைத்திருந்தார்கள். பஞ்சத்தில் வந்த கூட்டம் தம் தகப்பனார் பெயரை மொட்டையாகச் சொல்லி, அதன்மேல் ஏறிப் பழம் வெட்டுகிறது என்பது மட்டுமே சென்றாயனுக்குத் தெரிந்தது.

இப்படியிருக்கையில் ஒருநாள், அடிவாரத்திலிருந்து மட்டக்குதிரையில் உப்பும் கருவாடும் ஏற்றிவந்து மிளகும் பலாப்பழமும் வாங்கிப்போகும் ஜாபர் அலி, சோளக்காட்டுச் சந்தையில் சென்றாயனைத் தனியே அழைத்துச் சென்றார். சேலத்திலிருந்து காட்டிலாகா அதிகாரி ஒருவர் வரப்போகிறார் என்றும், எது ஊர், எது காடு என்று பிரித்துக் கோடு போடப்போகிறார் என்றும் சொன்னார். சாமையும் ராகியும் விளையும் சரிவுகளை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லையாம். இந்த ஆண்டு உழுத இடம் அடுத்த ஆண்டு புதராகிவிடுகிறது என்கிறார்களாம். மரத்தைத்தான் பார்க்கிறார்களாம்.

"மனுசன் நட்ட மரம் நிக்கிற நெலம் ஊருக்கு. தானா மொளச்சது நிக்கிற நெலம் சர்க்காருக்கு. கேட்டா, நாங்க நட்டதுன்னு சொல்லிப்போடுங்க கவுண்டரே. ஒரு வார்த்தைதானுங்க" என்றார் ஜாபர் அலி.

"உப்பு விக்கிற ஊர்ல அப்படிச் சொல்லுவாங்களா இருக்கும், ராவுத்தரே. எங்க ஊருக்கு ஆதி இருக்குது."

"ஆதி இருக்கட்டுமுங்க. அந்தம் வந்துரப்படாதுன்னுதான் சொல்றேன். எனக்கும் பழம் வேணுமில்லீங்களா?"

சமவெளி மனிதர்களின் புத்தி அரைப்படி உப்புக்குமேல் போகாது என்று எண்ணியபடி சென்றாயன் ஊர் திரும்பினார். ஆனால் சென்னம்மாளிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் சாமை குத்திக்கொண்டிருந்தாள். உலக்கையை நிறுத்தவில்லை.

"ஏனுங்க, ஒரு சேவல்தானுங்க தண்டம். நம்மூட்டுல எட்டு இருக்குது."

"சேவலா பெருசு? கஞ்சிவளவுக்காரன் காதுல விழுவற மாதிரி, நான் நட்டேன்னு சொல்லோணுமா? நாளைக்கு என் பேரச் சொல்லியும் மரத்துல ஏறுவான்."

"ஏறட்டுமே" என்றாள் சென்னம்மாள். சென்றாயன் அதைப் பெண்புத்தி என்று தள்ளினார்.

அதிகாரி வந்தார். தலையில் தொப்பி, காலில் பூட்ஸ், பூட்ஸுக்குள் அட்டை. அட்டையைப் பிடுங்க ஒரு சேவகன், மடக்கு நாற்காலி தூக்க ஒரு சேவகன். முதலில் அவர் கஞ்சிவளவுக்குப் போனார். அங்கே என்ன நடக்கிறது என்று பார்க்கச் சென்றாயனுக்கு ஆவல். ஆனால் பார்க்கப் போனதாக இருக்கக் கூடாது. ஆகவே தோளில் ஒரு கயிற்றைப் போட்டுக்கொண்டு, தொலைந்த மாட்டைத் தேடுகிறவர்போலப் பாறை மேட்டில் போய் நின்றார். அவருடைய மாடுகள் அனைத்தும் தொழுவத்தில் அசைபோட்டுக்கொண்டிருந்தன.

கஞ்சிவளவின் சார்பில் பேச முன்வந்தவள் பாப்பாயி. பஞ்சத்தில் இடுப்புப் பிள்ளையாக மலையேறியவள். இப்போது அந்த வளவில் அவள் சொல்லுக்கு மறுசொல் இல்லை. அவள் அதிகாரியை மரம் மரமாக அழைத்துச் சென்று, உறவினர்களை அறிமுகம் செய்வதுபோல அறிமுகம் செய்தாள். இது அத்தாயி, இது ராசப்பன், இது அர்த்தனாரி, கொஞ்சம் கோணல், ஆளும் அப்படித்தான். சிறிய மரம் ஒன்றின் முன் நின்று, "இது என் மூத்தவனுங்க. அவன் பேருல நான் நட்டது. பொறந்த மாசமே போயிட்டான். மரம் நின்னுக்கிச்சு" என்றாள். அதிகாரி அதுவரை சிரித்துக்கொண்டுதான் வந்தார். அந்த இடத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டு, பென்சிலை எடுத்து வரைபடத்தில் பள்ளம் முழுவதையும் சுற்றி வளைத்தார். அது ஊர் என்று ஆயிற்று.

மேட்டில் நின்ற சென்றாயன் காறித் துப்பினார். குடும்பத்துச் சாவைக் காட்டி நிலம் வாங்குகிற பிழைப்பும் ஒரு பிழைப்பா என்று நினைத்தார். கயிற்றைச் சுருட்டிக்கொண்டு, அதிகாரிக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்தார்.

மேல்வளவில் ஊரே கூடியிருந்தது. மிகப் பெரிய பலாவின் நிழலில் நாற்காலி விரிக்கப்பட்டது. அதிகாரியைப் பின்தொடர்ந்து கஞ்சிவளவாரும் வந்து ஓரமாக நின்றார்கள். இந்த மரங்களை நட்டவர்கள் யார் என்று அதிகாரி கேட்டார்.

சென்றாயன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்து, ஆடித் திருவிழாக் குரலை எடுத்தார். சாமி வந்தது, களைத்தது, தின்றது, துப்பியது. அதிகாரி பொறுமையாகக் கேட்டார். அவர் கெட்ட மனிதர் அல்லர். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "பெரியவரே, கதை நன்றாக இருக்கிறது. யோசித்துச் சொல்லுங்கள். ஒரு மரம்கூடவா மனிதர் நட்டது இல்லை?" என்று இரண்டாம் முறை கேட்டார்.

 அங்கே நின்ற ஒவ்வொருவரின் கட்டைவிரலுக்கும் உண்மை தெரியும். ஆனால் முதலில் வாயைத் திறப்பவனின் வீட்டுச் சேவல் போகும். ஊர்க்கவுண்டர் இருக்கும்போது அந்தச் செலவு நமக்கு எதற்கு என்று ஒவ்வொருவரும் அடுத்தவரைப் பார்த்தார்கள். சென்னம்மாள் தன் வீட்டு முன்னால் நின்ற மரத்தைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள்.  அந்த மரத்தின் முதல் காய்ப்பு, அதற்குத் தாம் கட்டிய முள்வேலி, சாய்ந்த குடம் எல்லாம் ஒரு கணம் சென்றாயனின் நினைவில் வந்து நின்றன. அவர் வாய் திறந்துவிட்டிருக்கலாம். அதற்குள் ஓரத்திலிருந்து பாப்பாயி முன்னால் வந்துவிட்டாள்.

"அவுங்க கூச்சப்படறாங்க சாமி. எல்லாம் அவுங்க நட்டதுதானுங்க. எங்களுக்கு மொதக் கொட்டையே இவுங்கப்பாரு குடுத்ததுங்க. அவரு பேருலதான் கீழ மொத மரம் நிக்குது" என்றாள் அவள்.

அவள் நல்லெண்ணத்தோடுதான் சொன்னாள். அதுவே வினையாயிற்று. கஞ்சிக்கு வந்தவள் தமக்காகப் பரிந்துபேசுவதா? அவள் வாய்ச்சொல்லில் மேல்வளவு பிழைத்துக் கிடப்பதா? 

"பொய்யுங்க. நட்டுப் பொழைக்கற சனம் கீழ இருக்குதுங்க. எங்க ஊர்ல மனுசன் கை பட்ட மரம் ஒண்ணுகூட இல்லீங்க" என்றார் சென்றாயன்.

கை என்று சொன்னதால் அது ஒருவகையில் உண்மையும்கூட என்று அவர் மனம் அந்த நேரத்திலும் ஒரு சமாதானம் தேடிக்கொண்டது.

அதிகாரி பெருமூச்சு விட்டார். "கடவுள் நட்டதென்றால் அது காட்டில்தான் சேரும்" என்று சொல்லி, மேல்வளவைச் சுற்றி வளைக்காமல், அதன் கீழ் ஓரமாகவே நேராக ஒரு கோடு இழுத்தார். நாற்காலி மடக்கப்பட்டது.

வீடுகளை எவரும் இடிக்கவில்லை. ஆனால் எல்லைக்கல் நட்டபின், வீட்டைத் தாண்டிக் கத்தி படக் கூடாது, ஆடு மேயக் கூடாது, புதர் எரித்து விதைக்கக் கூடாது, விழுந்த பழத்தையும் எடுக்கக் கூடாது என்றார்கள். கூரையைத் தின்று உயிர் வாழ முடியுமா? ஒவ்வொரு குடும்பமாகப் பானை சட்டிகளோடு பள்ளத்துக்கு இறங்கியது. வந்தவர்களுக்குக் கஞ்சிவளவார் கஞ்சி ஊற்றினார்கள். தங்கள் கல்லாங்காட்டைப் பிரித்துக் கொடுத்தார்கள். எவரையும் எதுவும் கேட்கவில்லை. சென்றாயன் மட்டும் அடுத்த ஆடிவரை இறங்கவில்லை. அந்தத் திருவிழாவில் ஊரின் ஆதியை வழக்கமான குரலில் முழுவதுமாக எடுத்துச் சொன்னார். கேட்டவர்கள் சென்னம்மாளும் எட்டுச் சேவல்களும். அதிலும் சேவல்கள் பாதியில் கலைந்து போய்விட்டன.

மறுநாள் அவர்களும் இறங்கினார்கள். சின்னராசு மரத்துக்குக் கிழக்கே ஒரு துண்டு நிலத்தைப் பாப்பாயி காட்டினாள். வந்து குடியேறுகிறவர் ஒரு மரம் நடவேண்டும் என்பது மட்டுமே அந்த வளவின் சட்டம் என்றாள்.  அவர்கள் கொடுத்த பழத்தைச் சென்றாயன் வேண்டாவெறுப்பாகத் தின்றார். பிறகு வாயை மூடிக்கொண்டு, எங்கோ அவசரமாகப் போகிறவரைப்போல வெளியே நடந்தார். ஓர் இடத்தில் நின்றார். வானத்தைப் பார்த்து, "மழை வருமோ" என்றார். மழை அவர் தலையில் கொட்டிக்கொண்டிருந்தது.

பின்னால் நின்ற சென்னம்மாள் இம்முறை காணாதவளாக நிற்கவில்லை. பள்ளம் முழுவதும் கேட்கும்படி, "பாப்பாயி, இவரு நட்டுப்போட்டாரு" என்றாள்.

"என்ன பேருங்க?" என்று மழைக்குள்ளிருந்து பாப்பாயியின் குரல் வந்தது.

கணவன் பெயரைச் சொல்லும் வழக்கம் சென்னம்மாளுக்கு இல்லை. அவள் சிரித்தாள். பெயர் என்ன என்று அங்கே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஏழெட்டு மழைக்காலம் கழிந்தது. மேலே, எல்லைக்கல்லுக்கு அப்பால், பழங்களைக் கரடிகள் தின்றன. கொட்டைகள் விழுந்த இடத்தில் புதிய மரங்கள் முளைத்தன. மனிதக் கை படாத பலா என்று சென்றாயன் ஊதிய பெருமை ஒருவழியாக மெய்யாயிற்று; கேட்க ஆள்தான் இல்லை. கீழே, "சென்றாயன்ல மூணு பழம் வந்துருக்குது" என்று எவராவது கத்தும்போதெல்லாம் அவர் வீட்டுக்குள்ளிருந்து சீறிக்கொண்டு வருவார். மட்டு மரியாதை தெரியாத சனம் என்பார். பெயருக்குப் பின்னால் கவுண்டர் என்று ஒரு சொல் சேர்த்தால் வாய் கோணிப்போகுமா என்பார். பிறகு கையோடு கொண்டுவந்த முள்ளை வேலியில் செருகி, ஆடு நுழைகிற இடைவெளியை அடைத்துவிட்டுப் போவார்.

அந்த ஆண்டு பழம் வாங்க வந்த ஜாபர் அலி, ஒரு சுளையைத் தின்று பார்த்துவிட்டு, இது எந்த மரத்துப் பழம் என்று கேட்டார். கிழக்கே நிற்கிற மரம் என்றார் சென்றாயன். தானாக முளைத்ததா என்று ஜாபர் அலி முகத்தை வெகு அப்பாவியாக வைத்துக்கொண்டு கேட்டார்.

சென்றாயன் தம் கால் கட்டைவிரலைப் பார்த்தார். 

"ஒருத்தன் நட்டதுதான்" என்றார் கடைசியில், எவன்மீதோ குற்றம் சொல்வதுபோல. "தூக்கிக் குதுரயில வை, ராவுத்தரே. பேச்சு எதுக்கு?"

உள்ளிருந்து அதைக் கேட்ட சென்னம்மாள், அன்று பொழுது சாயுமுன் சேவல் ஒன்றை அடித்துக் குழம்பு வைத்தாள். கஞ்சிவளவின் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கரண்டி எடுத்துக்கொண்டு போனாள். விசேஷம் என்ன என்று பாப்பாயி கேட்டாள்.

"தண்டமுங்க" என்றாள் சென்னம்மாள்.